ஃபேன் ஓடுதே, அண்ணி!

மத்தியானம் ஒன்றரை மணிக்குக் கொழுந்தன் தன் கார் பட்டறையில் ஒரு காகிதத்தில் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தான். ஹெட் கேஸ்கெட் ஒன்று, போல்ட் ஒரு செட், ஆயில், ஃபில்டர். அண்ணியின் கார் இன்ஜினின் தலையையே கழற்றிவிடுவது என்று முடிவுகட்டிவிட்டான் மகராசன்.

"எத்தனை நாள் ஆகும்?"

"நாலு நாள். எதுக்கும் அஞ்சுன்னே வச்சுக்கங்க."

"நாலு மணிக்கு நான் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கணும் தம்பி. நீ நாலு நாள்ங்கிற!"

அந்த வாடகைக் காருக்கு முதலாளியும் அண்ணிதான், டிரைவரும் அண்ணிதான். காலை ஷிஃப்ட் முடிந்து வரும் நான்கு நர்ஸுகளை வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வேலை. ஒரு மாதமாக வண்டி கொதித்துத் தொலைக்கிறது. இரண்டு தடவை நடுரோட்டில் பானட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பி, எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த பெண்களை வெயிலிலும் நிற்க வைத்துவிட்டது. நேற்று ஆஸ்பத்திரி சூப்பர்வைசர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். "நாளைக்கு ஒரு நாள் பார்ப்பேன். வண்டி வழியில நின்னாலும் சரி, வராமலே போனாலும் சரி, மறுநாள்ல இருந்து வேற வண்டி." அந்த நாளைதான் இன்று. பதினோரு வருஷம் தையல் ஃபாக்டரியில் மெஷின் ரிப்பேர் பார்த்துவிட்டு, அதை உதறி இந்த வண்டியை வாங்கியவள். இந்த டியூட்டி போனால் வண்டியை வாசலில் நிறுத்தித் துடைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கொழுந்தனைக் குறை சொல்ல முடியாது. சொந்தப் பட்டறை, சுத்தமான கை. தெர்மோஸ்டாட்டை மாற்றினான், ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினான், மூடியை மாற்றினான், வாட்டர் பம்பையும் மாற்றினான். விட்டால் ஸ்டீயரிங்கையும் மாற்றியிருப்பான். அவனிடம் ஒரே ஒரு கோளாறு: தான் செய்த வேலையைத் திரும்பிப் பார்க்க மாட்டான்.

"ரேடியேட்டர் ஃபேன் பார்த்தியா?" என்றாள் அண்ணி.

"ஃபேன் ஓடுதே, அண்ணி! புதுசு. நானே மாட்டினது."

அவன் ஃபேனைச் சோதிக்கிற லட்சணம் ஊருக்கே தெரியும். மேஜையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே காதைத் தீட்டுவான். 'கொர்ர்' என்று சத்தம் வந்தால் சரி, தலையாட்டிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவான்.

அண்ணி பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தாள். பைபாஸில் வேகமாகப் போனால் ஒரு தொந்தரவும் இல்லை. மார்க்கெட் சிக்னலில் ஊர்ந்தால்தான் சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறுகிறது. ஓடும்போது காற்று தானாக வந்து ரேடியேட்டரில் மோதுகிறது. ஊரும்போது ஃபேனை விட்டால் வேறு கதி இல்லை.

"தம்பி, நீ ஃபேன் மாட்டி எவ்வளவு நாளாச்சு?"

"ஒரு மாசம் இருக்கும்."

"வண்டி கொதிக்க ஆரம்பிச்சு?"

கொழுந்தனுக்கு மூக்கு விடைத்தது. "அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போடாதீங்க. முன்னாடி இருந்த ஃபேன் சுத்தாம நின்னுச்சு, இது சுத்துது. போதாதா?"

"பிளக் அப்படியே பொருந்துச்சா?"

"இல்ல, வேற மாதிரி பிளக். வெட்டிப் போட்டுட்டு ரெண்டு வயரையும் முறுக்கி டேப் சுத்தினேன்."

"எதை எதோட?"

அவன் கூரையைப் பார்த்தான். "ரெண்டுமே கறுப்புதான் அண்ணி…"

அண்ணிக்குச் சட்டென்று பொறி தட்டியது. ஃபாக்டரியில் ஒருநாள் எலக்ட்ரீஷியன் வயரை மாற்றிக் கொடுத்ததில், முப்பது மெஷின்களும் பின்பக்கமாகச் சுற்றி நூலை எல்லாம் சிக்கலாக்கிவிட்டன. அதற்குப் பிறகு அங்கே மோட்டாரில் கை வைத்தால், ஓடுகிறதா என்று யாரும் கேட்பதில்லை. எந்தப் பக்கம் ஓடுகிறது என்றுதான் கேட்பார்கள்.

அவள் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு இறங்கினாள். சூடு ஏறியது. 'கொர்ர்' என்று ஃபேன் கிளம்பியது.

"கேக்குதா? ஓடுதா இல்லையா?" என்று கொழுந்தன் மார்தட்டினான்.

அண்ணி அவன் கையிலிருந்த பட்டியலை வெடுக்கென்று பிடுங்கி, வண்டியின் முன்பக்கக் கிரில்லில் வைத்தாள். ஃபேன் வெளிக்காற்றை உள்ளே இழுத்தால் காகிதம் அங்கேயே ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டவில்லை. அவள் கையை எடுத்ததும் பறந்து வந்து எதிரே நின்ற அவன் நெஞ்சிலேயே பட்டென்று அறைந்தது.

இன்ஜினின் சூட்டை எல்லாம் அந்த ஃபேன் பின்பக்கமாகச் சுற்றி ரேடியேட்டர் மேலேயே ஊதிக்கொண்டிருந்தது, ஒரு மாதமாக!

"தள்ளு," என்றாள் அண்ணி.

இன்ஜினை அணைத்து, டேப்பை உரித்து, வயர்களை இடம் மாற்றி முறுக்கி, புது டேப் சுற்றினாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மறுபடி ஸ்டார்ட். இந்தத் தடவை காகிதம் கிரில்லில் போஸ்டர் மாதிரி ஒட்டிக்கொண்டது. இருவரும் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பாதிக்கு மேல் ஏறிய முள் தயங்கியது, இறங்கியது. சூடு தணிந்ததும் ஃபேன் தானாகவே நின்றது. ஒரு மாதத்தில் அது தானாக நின்று அண்ணி இன்றுதான் பார்க்கிறாள். "அப்படிப் போடு!" என்று கத்தியே விட்டாள்.

கொழுந்தனின் முகம் தொங்கிப் போயிருந்தது. "தப்பு என்னோடதுதான் அண்ணி. தலையையே கழட்டப் பார்த்தேன்."

"உங்க அண்ணன்கிட்ட நான் சொல்லமாட்டேன்."

"நிஜமாவா?"

"நீயே சொல்லு. நான் பக்கத்துல உக்காந்து கேக்கறேன்."

அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நாலு மணிக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போதே வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. சூப்பர்வைசர் வெளியே வந்து பானட்டை ஒரு பார்வை, அண்ணியை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். நர்ஸுகள் ஏறினார்கள். எங்கே நிற்கப் போகிறதோ என்ற பயத்தில் நாலு பேர் கண்ணும் முள்ளின் மேலேயே இருந்தது.

மார்க்கெட் சிக்னலில் சரியான நெரிசல். முன்னால் லாரி, பின்னால் பஸ், ஒரு அடி நகர வழியில்லை. முள் பாதியைத் தொட்டது. 'கொர்ர்' என்றது ஃபேன். முள் இறங்கியது. மறுபடி ஏறியது, மறுபடி இறங்கியது. இருபத்தைந்து நிமிஷம் இதே கதை. பாதிக்கு மேல் ஒரு நூல்கூட அது போகவில்லை.

ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல அண்ணி உற்சாகமாகத் திரும்பினாள். நாலு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். வாய்வரை வந்த கூச்சலை அப்படியே விழுங்கிக்கொண்டு, லாரி நகர்ந்ததும் குலுக்காமல் கியரைப் போட்டாள்.