ரெபொயால் கணவாய்க்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

"நீ மிதிக்கிறியா, இல்ல பெடல்மேல சும்மா காலை வெச்சிட்டு வர்றியா?" தெல்ஃபினா திரும்பிப் பார்க்காமலேயே கேட்டாள். திரும்பிப் பார்த்தால் வண்டி ஆடும் என்பதை மார்ச் மாதமே ஒரு மாட்டு வேலியில் போய் மோதிக் கற்றுக்கொண்டிருந்தாள்.

"எருது மாதிரி மிதிக்கிறேன். நீதான் கியரை மாத்த மாட்டேங்கிற" என்றான் பின் இருக்கையிலிருந்து செல்ஸோ.

இருவர் ஓட்டும் அந்த நீளச் சைக்கிளை மகள் யோலந்தா வாங்கிவந்திருந்தாள். ஒவியேதோ நகரில் விவாகரத்து ஆன ஒரு தம்பதி அதைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். "இதுல ஏறினப்புறம்தான் அவங்களுக்குச் சண்டையே முத்திச்சாம். பாத்து ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் யோலந்தா சாவியைக் கொடுத்தாள். செல்ஸோவின் கண் கெட ஆரம்பித்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. முதலில் நடுப்பார்வை போயிற்று. எதிரே நிற்பவரின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் வட்டம். ஓரங்களில் மட்டும் கொஞ்சம் வெளிச்சமும் அசைவும். இரும்புச் சாமான் கடையை மருமகனிடம் கொடுத்தான். பழைய சைக்கிளைக் கார் கொட்டகையின் கொக்கியில் மாட்டினான். ஒரு குளிர்காலம் முழுக்கச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஆப்பிள் சைடர் பாட்டில்களில் ஒட்டியிருந்த சீட்டுகளை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தான். தெல்ஃபினாவுக்கு அவன் அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. அந்தச் சுரண்டும் சத்தத்தைத்தான் தாங்க முடியவில்லை.

முன்னால் யார் உட்காருவது என்பதில் பேச்சுக்கே இடமில்லை. தெல்ஃபினா பதினான்கு வயதுக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதில்லை என்றாலும், பணி ஓய்வு பெறும்வரை பள்ளி வேன் ஓட்டியவள். பனி உறைந்த சாலையில், பின்னால் கத்திக்கொண்டிருக்கும் பிள்ளைகளோடு, அந்தப் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு வளைவையும் இடுப்பாலேயே அறிந்து வைத்திருந்தாள். கால்பந்து மைதானத்தில் ஓட்டிப் பழகினார்கள். பிறகு ஆற்றோரச் சாலை. பிறகு பால் பண்ணை வரை. சாலையை அவள் பார்த்தாள். வழியை அவன் சொன்னான். "பாலம் தாண்டினதும் வலது பக்கம் மூணு வீடு வரும், நாய் ஒண்ணு துரத்தும், பயப்படாத, கேட்டோட நின்னுடும்." நாய் செத்துப்போய் வேறு நாய் வந்திருக்கும். அது கேட்டோடு நிற்காது. அப்போது இருவரும் அலறிக்கொண்டு மிதிப்பார்கள். அப்படி ஒருநாள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, செல்ஸோ சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

ஜூன் மாதம் பிறந்ததும் தெல்ஃபினாதான் கணவாய்ப் பேச்சை எடுத்தாள். "உன் ரெபொயாலுக்குப் போவோம்."

"காத்து அடிக்கும்" என்றான் செல்ஸோ.

"அடிக்கட்டும்."

"உன் முட்டி?"

"என் முட்டிக்கு ஒண்ணுமில்ல. இருபது வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம ஏறின மலை. ஒரு தடவை என்னையும் கூட்டிட்டுப் போனா குறைஞ்சா போயிடுவ?"

ஞாயிறு காலை செல்ஸோ ஷூ நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான். பழைய மலையை மறுபடி நினைத்து மனம் கனக்கிறது போல என்று தெல்ஃபினா எண்ணிக்கொண்டாள்.

சாலை ஆற்றை விட்டு விலகிக் கஷ்கொட்டை மரங்களுக்குள் ஏறியது. பெரிய ஏற்றம் இல்லை; மூச்சு வாங்கிக்கொண்டே பேச முடிகிற ஏற்றம். கணவாய்க்குப் பாதி வழியில், கல்தூண்கள்மேல் நிற்கும் தானியக் கொட்டிலுக்குப் பக்கத்தில் எர்மினியாவின் கடை. காபி, ஒயின், முட்டை, சிகரெட், மாட்டுக்குக் கட்டும் மணி எல்லாம் அங்கே கிடைக்கும். ஒரு காபி குடிப்போம் என்று அவள் பிரேக்கைப் பிடிக்கும்போதே, "வேணாம், நேரா போ" என்றான் செல்ஸோ. அதற்குள் எர்மினியா வாசலுக்கு வந்துவிட்டாள். பருத்த உடம்பு, கையில் ஈரத்துணி.

"ஐயோ கடவுளே, செல்ஸோ! உயிரோடதான் இருக்கியா! ரெண்டு வருஷமா உன் நாற்காலியில ஒருத்தனையும் உக்கார விடல நான். எவாரிஸ்தோ, சீட்டை எடு, ஆள் வந்தாச்சு!"

உள்ளே ஜன்னலோரம் இருந்த கிழவர் எவாரிஸ்தோ சீட்டுக்கட்டை மேசையில் தட்டினார். "கண்ணு போச்சுன்னு கேள்விப்பட்டோம். போனா என்ன, நீ கண்ணு இருந்தப்பவே சீட்டைப் பாத்து ஆடினவன் இல்லையே!"

செல்ஸோ சிரிக்க முயன்றான். உள்ளே போய் உட்கார்ந்ததும், யாரும் கேட்காமலேயே ஒரு தட்டு வந்து அவன் முன்னால் உட்கார்ந்தது: இரண்டு பொரித்த முட்டை, உருளைக்கிழங்கு, காரத் தொத்திறைச்சி. தெல்ஃபினாவுக்கு மனம் இளகியது. பாவம், வழியில் இளைப்பாறும் இடம் போலிருக்கிறது.

"நீங்கதான் வீட்டம்மாவா?" எர்மினியா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "உங்க பேச்சுதான் எப்பவும். பத்து மணிக்கு வந்து உக்காந்தா பன்னெண்டரைக்கு டாண்ணு எந்திரிச்சிடுவான். கையில நல்ல சீட்டு இருந்தாலும் சரி. 'லேட்டானா தெல்ஃபினா பயந்துடுவா'ம்பான். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான்?"

"பத்து மணியிலேருந்தா?"

"பின்ன? மூணு ஆட்டம், ரெண்டு முட்டை. பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியுமே."

"அப்ப மேல எப்ப போவான்?"

"யாரு, இவனா?" எவாரிஸ்தோ ஜன்னலோரமிருந்து கேட்டார். "இவன் மேல போயிட்டா நான் யார்கூட ஆடுறது?"

அப்போதுதான் எர்மினியா செல்ஸோவின் முகத்தைக் கவனித்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதும், அடுப்பைப் பார்க்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தெல்ஃபினா அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவன் புறப்பட்டுப் போனதும் வானொலியை அணைத்துவிடுவாள், தொலைபேசி மணி காதில் விழாமல் போய்விடக்கூடாதே என்று. கடலோரத்தில் அக்கா அம்பாரோ ஞாயிறுதோறும் சாப்பிடக் கூப்பிட்டாள், ஒருநாளும் போனதில்லை. ஏதோ ஒரு பள்ளத்தில் கிடக்கிறான் என்று சேதி வரும்போது வீட்டில் ஆள் இல்லாமல் இருக்கலாமா? பீன்ஸ் கொதிக்கும். மணி ஒன்று ஆகும். கொட்டகைக் கதவு கிறீச்சிடும் சத்தம் கேட்ட பிறகுதான் அடுப்பை அணைப்பாள். மேசையில் உட்கார்ந்து அவன் சொல்வான்: மேலே மே மாதத்திலும் ஓரத்தில் பனி கிடக்கிறது என்று; கழுகுகள் நம் தலைக்கு மேலே அல்ல, காலுக்குக் கீழே பறக்கின்றன என்று. அதைப் பள்ளி வேனில் எத்தனை பிள்ளைகளுக்கு அவள் சொல்லியிருக்கிறாள்! "என் வீட்டுக்காரர் பார்த்தார்" என்று சொல்லும்போது குரலில் எத்தனை பெருமை!

முட்டைகளை முழுசாகத் தின்றாள். ரொட்டியால் தட்டை வழித்தாள். எழுந்து வெளியே போய் வண்டியை நிமிர்த்திப் பிடித்தாள். செல்ஸோ சுவரைத் தடவிக்கொண்டு பின்னால் வந்தான்.

"ஏறு."

"வீட்டுக்குத்தானே?"

"மேல."

கஷ்கொட்டை போய் பீச் மரங்கள் வந்தன. போன வருடச் சைக்கிள் பந்தயத்தின்போது யாரோ சாலையில் வெள்ளைப் பெயின்ட்டால் எழுதிய பெயர்கள், பாதி அழிந்து, சக்கரத்துக்கு அடியில் போயின. அந்த வண்டியில் இரண்டு ஜோடிப் பெடலும் ஒரே சங்கிலியில் ஓடுபவை. ஒருவர் மிதிக்கும்போது மற்றவர் நிற்க முடியாது. கோபத்தில் அவள் மிதித்த வேகத்துக்கு அவனும் மிதித்தே ஆகவேண்டியிருந்தது. பின்னால் அவன் மூச்சு இரைவது கேட்டது. கேட்கட்டும் என்று இருந்தாள்.

சாலை திடீரென்று தலையைத் தூக்கிய ஒரு வளைவில் அவன், "நிறுத்து. இங்கதான்" என்றான்.

"என்ன இங்கதான்?"

"இங்கதான் முடியாம காலை ஊனி நின்னுட்டேன். முதல் தடவை."

அவனுக்கு அந்த இடம் தெரிந்தது எப்படி என்று அவள் கேட்கவில்லை. அவளுடைய தொடைகளே அதைச் சொல்லிக்கொண்டிருந்தன. இறங்கி ஓரத்துத் தடுப்புச் சுவரில் உட்கார்ந்தார்கள்.

"அந்தப் பள்ளத்துல வாந்தி எடுத்தேன்" என்றான். "கீழே போய் எர்மினியாகிட்ட ஒரு காபி குடிச்சேன். வீட்டுக்கு வந்தா, நீ ஓடிவந்து, மேல எப்படி இருந்துச்சுன்னு கேட்ட. போயிட்டு வந்துட்டேன்னு நீயாவே முடிவு பண்ணிட்ட. குளிரா இருந்துச்சுன்னேன். ஒரு வார்த்தைதான். அடுத்த வாரமும் கேட்ட. வேற ஏதாவது சொல்லியாகணுமே."

"அந்தக் கழுகு?"

"பில்பாவோலேருந்து ஒரு பல் டாக்டர் வருவான். அவன் சொன்னது."

"பனி?"

"அதுவும் அவன்தான்."

தெல்ஃபினா தன் கையுறையைக் கழற்றினாள். "அம்பாரோ வீட்டுக்கு ஒரு ஞாயித்துக்கிழமைகூடப் போகல நான். போன் அடிக்குமோ, போன் அடிக்குமோன்னு உக்காந்திருந்தேன். நீ இங்க முட்டை தின்னுட்டு இருந்திருக்க."

"நீ அவ்வளவு பயந்தேன்னு எனக்குத் தெரியாது, தெல்ஃபி."

"எர்மினியாவுக்குத் தெரிஞ்சிருக்கு!"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஹெல்மெட்டின் பட்டை கன்னத்தில் அழுந்தியிருந்தது. மன்னித்துக்கொள் என்றான்; முணுமுணுப்பாக அல்ல, கடையில் வாடிக்கையாளரிடம் விலை சொல்வது போலத் தெளிவாக. மரங்களுக்குள் ஒரு குயில் கூவிற்று, நின்றது, மறுபடி கூவிற்று. சற்றுப் பொறுத்து அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவன் கையை நீட்டினான்.

"பல் டாக்டர்!" என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் ஒரு பல் டாக்டரோட கழுகைக் காட்டியிருக்கேன்!"

அந்த ஏற்றத்தை மிதித்து ஏற முடியவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்து வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். இரண்டு இளைஞர்கள் ஒல்லிச் சைக்கிள்களில் கடந்து போனார்கள். ஒருவன், "செயின் அறுந்துடுச்சா?" என்று கரிசனமாகக் கேட்டான்.

"இல்ல தம்பி, பேசிட்டிருக்கோம்!" என்று கத்தினாள் தெல்ஃபினா.

ஏற்றம் தணிந்த இடத்தில் மறுபடி ஏறினார்கள். மரங்கள் முடிந்து புல்வெளி திறந்தது. காற்று முகத்தில் அறைந்தது. அவள் கியரைக் குறைத்தாள். அவன் சொல்லாமலேயே அதற்கேற்ப மிதித்தான். கடைசி நீள ஏற்றத்தில் அவன் தாளம் போட்டுக்கொண்டே வந்தான், "ஹே, ஹே, ஹே" என்று, மாடு ஓட்டுகிறவனைப் போல. பிறகு பெடல்கள் சட்டென்று லேசாயின.

"என்ன ஆச்சு?" என்றான்.

"மேல வந்துட்டோம்."

அவன் இறங்கவில்லை. ஒரு காலை ஊன்றியபடி அப்படியே நின்றான். "என்ன இருக்கு? சொல்லு."

"ஒரு குப்பைத்தொட்டி. ஒரு பெரிய பலகை. அந்த ரெண்டு பசங்க வாழைப்பழம் தின்னுட்டு நிக்குறாங்க."

"கழுகு?"

"ஒண்ணையும் காணோம்."

அவன் சிரித்தான், குப்பைத்தொட்டி என்று இரண்டு தடவை சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அவள் அவன் கையைப் பிடித்துப் பலகையிடம் கூட்டிப்போனாள். ஏறியவர்கள் எல்லாம் தங்கள் தங்கள் ஊர் ஸ்டிக்கரை ஒட்டி ஒட்டி, கணவாயின் பெயரே தெரியாமல் மூடியிருந்தது. அவன் விரல்கள் அவற்றின் விளிம்புகளை ஒவ்வொன்றாகத் தடவின. அந்த இளைஞர்களிடம் ஒரு ஸ்டிக்கர் மிச்சமிருந்தது, புர்கோஸில் ஏதோ டயர் கடையினுடையது. அதைக் கேட்டு வாங்கி, எட்டிய உயரத்தில் ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தினான்.

அவள் மறுபக்கம் எட்டிப் பார்த்தாள். தெரியாத பள்ளத்தாக்கு. சிவப்புக் கூரைகள், வைக்கோல் காயும் சரிவுகள், அவற்றின் நடுவே வளைந்து வளைந்து இறங்கும் புதுச் சாலை.

"இந்தப் பக்கம் இறங்குவோமா?" என்றாள். "கீழே போய் யோலந்தாவுக்குப் போன் பண்ணுவோம். கார் எடுத்துட்டு வரட்டும்."

"எனக்கு அந்த ரோடு தெரியாது, தெல்ஃபி."

"எனக்கும் தெரியாது. அடுத்த ஞாயித்துக்கிழமை அம்பாரோ வீடு. இப்பவே சொல்லிட்டேன்."

"சைக்கிள்லயா?"

"கார்ல. நீ பின் சீட்டுல உக்காரு, பழகிடுச்சில்ல."

கோட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு இறங்கத் தொடங்கினார்கள். வேனில் செய்ததையே இங்கும் செய்தாள்: வளைவுக்கு முன்பே பிரேக், வளைவுக்குள் கைவைப்பதில்லை. "இடது" என்பாள், இருவரும் இடப்பக்கம் சாய்வார்கள். "வலது." முதல் சில வளைவுகளில் அவன் விறைத்துக் கிடந்தான், பிறகு அவன் எடை அவள் சொல்லோடு சேர்ந்து சாய ஆரம்பித்தது. பாறை நிழலில் குளிர்ந்தது. வெயிலுக்குள் வந்ததும் அறுத்த புல்லின் வாசனை மூக்கில் ஏறியது. பின்னால் அவன் எதையோ பாடினான், காற்றில் சொற்கள் பிடிபடவில்லை.

ஒரு வளைவு திரும்பியதும் அவள் மெல்ல மெல்லப் பிரேக்கைப் பிடித்து, நடக்கும் வேகத்துக்குக் கொண்டுவந்தாள்.

"என்ன?" என்றான்.

"மாடுங்க. ரோடு பூரா படுத்திருக்கு. நிறுத்தல, ஆடாம இரு."

சூடேறிய தாரில் செம்பழுப்பு மாடுகள் கால் மடக்கிப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. ஒன்றும் எழுந்திருக்கவில்லை. நின்றிருந்த சில மாடுகள் தலையை மட்டும் திருப்பி, மணி ஒரு தடவை குலுங்க, அவர்களைப் பார்த்தன. அவற்றின் நடுவே இருந்த இடைவெளிகளில் அவள் அந்த நீள வண்டியை மூச்சைப் பிடித்துக்கொண்டு செலுத்தினாள். செல்ஸோ ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டினான். நின்றிருந்த மாடுகளின் முதுகு ஒவ்வொன்றாக, வெயிலில் காய்ந்த வெதுவெதுப்போடு, அவன் உள்ளங்கைக்குக் கீழே வந்து வந்து போயிற்று.