மான் படுத்த சூடு

2005ஆம் வருஷத்து மழைக்காலத்துக்குப் பிறகு நெடுங்குன்றத்தில் தபீதாள் வீட்டில் யாராலும் படுக்க முடியாமல் போனது. பாயை விரித்துப் படுப்பார்கள். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தால் பாய் காலடியில் கிடக்கும், ஆள் அதன்மேல் நின்றுகொண்டிருப்பார். எழுந்த ஞாபகமே இருக்காது. கட்டில், பெஞ்சு, மணல் மூட்டை, தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரம் என்று எங்கெங்கோ படுத்துப் பார்த்தாகிவிட்டது. உட்காரலாம், குனியலாம், முழங்காலிட்டு ஜெபம் பண்ணலாம், அதற்கெல்லாம் தடையில்லை. முதுகைச் சாய்த்தால்தான் வினை. முதல் வாரம் தெரு சனம் வந்து வேடிக்கை பார்த்தது. அடுத்த வாரம் காஸ் சிலிண்டர் தட்டுப்பாடு வந்ததும் இதை மறந்து சிலிண்டர் பின்னால் ஓடியது. மகள் ஜாஸ்மின் ஏற்றுமதி கம்பெனியில் தையல் மிஷின்மேல் தலை கவிழ்த்துத் தூங்கப் பழகிக்கொண்டாள். தபீதாள் சமையல்கட்டுச் சுவரில் சாய்ந்து நின்றபடி தூங்கினாள்.

அவள் புருஷன் சுகுமாருக்குத்தான் இது ஆகவில்லை. லோடுமேன் வேலையில் கிரானைட் பலகை சரிந்து விழுந்து அவனுக்கு இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது. மல்லாந்து கிடந்தால் எலும்பு கூடும், உட்கார்ந்தால் கூடாது, நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். படுக்கவைத்த மறுகணம் அவன் அந்த இடுப்போடு நிற்பான், பிறகு ஒரு சத்தம் போட்டுக் கீழே சரிவான். ஆஸ்பத்திரியில் சேர்த்தும் பார்த்தார்கள். மாவுக்கட்டோடு அவன் கட்டிலின்மேல் எழுந்து நிற்பதைக் கண்டு மற்ற நோயாளிகள் பயந்ததால், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அவனை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பழைய சேலையால் கட்டி வைத்திருந்தார்கள். ஆள் அரையாள் ஆகிவிட்டான். "ஒரே ஒரு தபா நீட்டிப் படுத்தா போதும் தபீதா, அப்பால சாவு வந்தாலும் வரட்டும்" என்பதைத் தவிர அவன் வேறெதுவும் கேட்கவில்லை.

இது எதனால் வந்தது என்று தபீதாளுக்குத் தெரியும். சுகுமார் விழுந்த புதிதில், வண்டலூர் கேளம்பாக்கம் சாலையில் காட்டை ஒட்டிய பெரிய மனையொன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. மான் படுத்து எழுந்த தடம் இருந்தால் அந்த மனையில் கட்டடம் எழும்ப விடமாட்டார்கள் என்று அப்போது ஒரு பேச்சு இருந்தது. அப்படி ஒரு சட்டம் உண்மையிலேயே உண்டா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. மனைத் தரகர் கங்காதரன் மட்டும் அதை நம்பினார். "இந்தாம்மா, ஆபீசருங்க வர்றதுக்குள்ள அத்தினி தடமும் போயிடணும். மான் பாய் விரிச்சிகினு படுத்துகீதுன்னு எவனாச்சும் எழுதிட்டான்னா பிராஜெக்டே பேஜாராயிடும்" என்றார். விறகு பொறுக்கப் போகிற பெண்களில் தபீதாளுக்குத்தான் மான் படுக்கும் இடம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். புல் நீள்வட்டமாக அமுங்கியிருக்கும், ஓரத்தில் புழுக்கை, நடுவில் வயிற்று மயிர் இரண்டு மூன்று. படுத்திருக்கும் ஆளை எப்படித் தாண்ட மாட்டோமோ அப்படியே அந்தப் பெண்கள் அதையும் தாண்ட மாட்டார்கள், சுற்றிக்கொண்டுதான் போவார்கள். தபீதாள் சுற்றிப் போகவில்லை. மண்வெட்டியால் கொத்திப் புரட்டி, மான் திரும்பி வராமலிருக்கப் பினாயில் ஊற்றினாள். கடைசித் தடத்தைக் கொத்திவிட்டு வீட்டுக்கு வந்த அன்றுதான் பாய் காலடிக்குப் போனது.

அந்த மனையில் அடுக்குமாடி எழும்பி ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். அவர்கள் கட்டில்மேல் மெத்தை போட்டு நன்றாகப் படுத்துத் தூங்குகிறார்கள். கங்காதரன் மத்தியானமே குறட்டை விடுகிறார். மண்வெட்டியைப் பிடித்த கைக்குத்தான் தண்டனை, பிடிக்கச் சொன்ன வாய்க்கு இல்லை. இது அநியாயம்தான். ஆனால் அந்தப் பக்கத்தில் எது நியாயமாக நடந்தது, இது ஒன்று நடப்பதற்கு?

ஒருநாள் விறகுக்குப் போன இடத்தில் அசதியில் கால் மடிந்து தபீதாள் கீழே விழுந்தாள். விழுந்தவள் விழுந்தபடியே கிடந்தாள். எவ்வளவு நேரம் கிடந்தாளோ, முதுகுக்கு அடியில் இளஞ்சூடு. பார்த்தால், மான் அப்போதுதான் எழுந்துபோன படுக்கை. மறுநாள் அதே இடத்தில் படுத்துப் பார்த்தாள், மண் சில்லென்று இருந்தது, நிற்கவைத்துவிட்டது. அப்புறம்தான் கணக்குப் புரிந்தது. மான் விட்ட சூடு ஆறுவதற்குள் ஆள் அதில் படுத்துவிட வேண்டும், படுத்தபின் அந்த ஆளின் உடம்புச் சூடே அதைக் காத்துக்கொள்ளும். அப்படியானால் ஒரே மான் தினமும் வந்து படுத்து, தினமும் ஒரே நேரத்தில் எழுந்து போகிற இடம் ஒன்று வேண்டும். அன்றிலிருந்து அவள் விறகை விட்டுவிட்டு, வண்டலூர் மலைக்குப் பின்னால் விரிந்து கிடந்த பெரிய காட்டில் மான் படுக்கை தேட ஆரம்பித்தாள்.

தேடுவது லேசாக இல்லை. அவள் பினாயில் ஊற்றிய சேதி மான்களுக்குள் பரவிவிட்டதோ என்னவோ, அவள் வாடை பட்ட இடத்தில் அடுத்த நாள் எதுவும் படுக்கவில்லை. முகத்துக்குப் போடும் பவுடரை டப்பாவோடு எடுத்துக்கொண்டு போனாள். ஒரு சிட்டிகை ஊதிவிட்டு, அது பறக்கும் திக்குக்கு எதிர்த்திக்கில் நடந்தாள். மான் காற்றை முதுகுக்கு விட்டு, கண்ணைச் சரிவுக்கு விட்டுப் படுக்கும் என்பது தெரிந்ததால், மேட்டின் உச்சிக்குச் சற்றுக் கீழே, மத்தியான நிழல் விழும் புதர்களாகப் பார்த்துப் போனாள். வெயில் காலம் போனது, மழை வந்தது, மறுபடி வெயில் வந்தது. வண்டலூர் மிருகக்காட்சிச் சாலைச் சிங்கம் உறுமும்போதெல்லாம் காட்டு மான்கள் தலையைக்கூடத் தூக்காது. அது கூண்டில் இருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியும். தபீதாளின் செருப்பு ஒரு சுள்ளியை மிதித்தால் போதும், காடே எழுந்து ஓடும். செருப்பைக் கழற்றிவிட்டாள். இதற்குள் சுகுமாருக்குப் பேச்சு குறைந்து, கண் மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசியில் ஒரு காரை முட்புதருக்கு அடியில் கண்டுபிடித்தாள். ஒரு பெண் மான், பக்கத்தில் குட்டி. பெரிய தடமும் சின்னத் தடமுமாக ஒட்டி ஒட்டி இருந்தன. உச்சி வெயிலில் வந்து படுக்கும், வெயில் தாழ எழுந்து மேயப் போகும், மறுநாளும் வரும். தபீதாள் தூரத்தில் குத்தவைத்து ஒரு வாரம் பார்த்து உறுதி செய்துகொண்டாள். பிறகு ஆட்டோ ஸ்டாண்டு ரவியும் விக்கியும் சுகுமாரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மலையேறினார்கள். மான் எழுந்து போனதும் ஓட்டமாகப் போய்க் கட்டவிழ்த்து அவனை அந்தப் புல்லில் கிடத்தினார்கள்.

கண்ணை மூடித் திறந்தார்கள். அவன் கிடந்தான். இன்னொரு முறை மூடித் திறந்தார்கள். கிடந்தான். "இன்னா சுகமா கீது தெரியுமா" என்றான். தபீதாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. விக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டான். சுகுமாரைத் தபீதாளிடம் விட்டுவிட்டு ரவியும் விக்கியும் சரிவில் இறங்கி உட்கார்ந்தார்கள். சுகுமார் குறட்டை விட்டுத் தூங்கினான்.

மழை இருட்டு கட்டியதால் பெண் மான் அன்றைக்கு மேய்ச்சலை விட்டு முன்னதாகவே குட்டியோடு திரும்பி வந்தது. பத்தடி தள்ளி நின்றது. ஓடவில்லை. மனித வாடையைக் கண்டால் பறக்கிற ஜீவன், தன் படுக்கையில் கிடப்பவனைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றது. குட்டி தாயின் வயிற்றுக்கடியில் நின்று நடுங்கியது. சுகுமார் விழித்துக்கொண்டான்.

"அது வந்துகீது பாரு. அதோட எடம் இது. என்னை எழுப்பி வுடு தபீதா" என்றான்.

"நீ பேசாத படுய்யா."

"பாவம், குட்டிய வெச்சிகினு நிக்கிது."

"நின்னா நிக்கட்டும். நாங்க நிக்கலியா?"

அவள் குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். மான் அவள் கையைப் பார்த்தது. எறிந்தாள். கல் அதன் விலாவில் பட்டுச் சத்தம் கேட்டது. குட்டி கத்தியது. இரண்டும் ஓடின. சுகுமார் முகத்தைப் புல்லின் பக்கம் திருப்பிக்கொண்டான். மழையின் முதல் துளிகள் விழும்போது, மல்லாந்து கால் நீட்டியபடியே அவன் உயிர் போய்விட்டது.

சவப்பெட்டியிலும் அவன் எழுந்து நிற்கவில்லை. "இன்னா அழகா நீட்டிப் படுத்துகினு கீறாரு" என்று சாவுக்கு வந்த பெண்கள் சொன்னபோது ஜாஸ்மின் உடைந்து அழுதாள். படுத்தபடியே அடக்கமும் நடந்தது. ஜாஸ்மினை அனகாபுத்தூரில் கட்டிக்கொடுத்தபோது, பெண் நின்றுதான் தூங்கும் என்பதை முன்னாடியே சொல்லித்தான் கொடுத்தார்கள். மாப்பிள்ளை வீடு ஒண்டுக் குடித்தனம், ஏற்கெனவே ஆறு பேர். ஒரு பாய் மிச்சம் என்று மாமியார் சந்தோஷப்பட்டாள்.

கல்லை எறிந்தது பாவம் என்று தபீதாளுக்குத் தெரியும். சபையில் சாட்சி சொல்லும்போது அதை அவளே சொல்லியிருக்கிறாள். ஆனால் மறுபடியும் அந்த நேரம் வந்தால் மறுபடியும் எறிவேன் என்பதையும் சேர்த்தே சொல்வாள்.

அந்த மானால் பிறகு எங்குமே படுக்க முடியவில்லை. குட்டி எங்கே போனதென்று தெரியாது. தாய் மட்டும் காட்டை விட்டு இறங்கி, பட்டப்பகலில் தெருவைக் கடந்து வந்து, தபீதாளின் கொல்லையில் வாழைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டது. இப்போது மூன்று வருஷமாகிறது. அது அங்கே நின்று தூங்குகிறது, தபீதாள் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று தூங்குகிறாள். நாய்கள்கூட அதைப் பார்த்துக் குரைப்பதை விட்டுவிட்டன. காலையில் தபீதாள் அரிசி கழுவிய தண்ணீரை ஒரு வாளியில் கொண்டுபோய் அதன் முன்னால் வைக்கிறாள். இதுவரை அது வாய் வைத்ததில்லை. மத்தியானம் அந்தத் தண்ணீரை வாழைக்கு ஊற்றிவிடுகிறாள்.