சிவப்புக் காரில் ஒட்டியிருந்த பெயர்

எமில் கார் வாங்கிக்கொண்டு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கையில் அவர்களுடைய வீடு. முன்னறையில் அவன் மனைவி பேர்ணடெற் பெண்களுக்கான சலூன் வைத்திருந்தாள். வாசலில் ஹோர்ன் சத்தம் கேட்டதும் கையிலிருந்த சீப்போடேயே ஓடி வந்தாள்.

புதுக்கார் இல்லை. வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு மூன்று வருடமாகியிருந்தது. புதுக்கார் பற்றிக் கொழும்பில் யாரும் பேசுவதையே விட்டிருந்தார்கள். பதினொரு வருடம் ஓடிய சின்னச் சிவப்புக் கார் அது. எமில் வீடு வீடாகப் போய் ஏசி திருத்துகிறவன். கருவிப் பெட்டியையும் காஸ் சிலிண்டரையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு திரிந்ததில் அவன் முதுகு போய்விட்டது. "கார் எடுங்கோ, கார் எடுங்கோ" என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவளே பேர்ணடெற்தான்.

அவள் காரைச் சுற்றி வந்தாள். முன்பக்கம் நன்றாக இருந்தது. கதவுகள் நன்றாக இருந்தன. பின்பக்கம் வந்ததும் நின்றுவிட்டாள். கண்ணாடிக்குக் கீழே, வெள்ளை எழுத்துகளாக வெட்டி ஒட்டியிருந்தது: சீதை மோட்டர்ஸ், வெள்ளவத்தை.

சீதை என்ற பெயரை அவள் முதலில் கேட்டது தன் கல்யாண நாளில். தலையில் முக்காட்டு நெற்றைக் குத்திக்கொண்டிருந்தபோது எமிலின் அக்கா யாரிடமோ சொன்னாள், "நல்ல காலம், அந்தச் சீதைப் பைத்தியம் இவனுக்கு விட்டுது." பதினாறு வருடத்தில் மீதியைத் துண்டு துண்டாகப் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டாள். வெள்ளவத்தையில் ஏ.எல். பரீட்சைக்கான ரியூஷன் வகுப்பு. அதே வகுப்பில் சீதை. அவளுடைய அப்பா சுப்புராமன் கார் விற்கிறவர், மகளின் பெயரையே கடைக்கு வைத்தவர். புறக்கோட்டையில் மூன்று தலைமுறையாக வியாபாரம் செய்த சைவக் குடும்பம். கோவிலுக்குப் போகிற கிறிஸ்தவ வேதக்காரப் பையனுக்கு அங்கே இடமில்லை. இவ்வளவும் மற்றவர்கள் சொன்னவை. எமில் அந்தப் பெயரை ஒரு தடவைகூட வாயில் எடுத்ததில்லை. எடுத்திருந்தால் அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

"எங்க எடுத்தனீங்கள்?" என்றாள், எழுத்தை வாசிக்காதவள் போல.

"வெள்ளவத்தையில. ஓனர் என்னோட படிச்சவ. கண்டவுடன அடையாளம் பிடிச்சிட்டா."

"அப்பிடியோ?"

"அவ ஓடின சொந்தக் கார் பேர்ணி. வெளியாளுக்குக் குடுக்க மனமில்லையாம். எனக்கெண்டபடியாத் தாறன் எண்டவ."

அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. தன்னால் அங்கே ஒரு நாளும் வந்திராத வெளிச்சம் என்று அவளுக்குப் பட்டது.

அன்று பின்னேரமே காரை மந்திரிக்கக் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குக் கொண்டுபோனார்கள். பாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தபோது பேர்ணடெற் பின்பக்கம் போய், அந்த எழுத்துகளை மறைத்துக்கொண்டு நின்றாள். தீர்த்தம் அவளுடைய சேலையில்தான் விழுந்தது.

திரும்பி வரும் வழியில் சொன்னாள், "முதல் வேலையா அந்த எழுத்தைக் கழட்டுங்கோ."

"கழட்டலாம். என்ன அவசரம்? சும்மா சுரண்டினா பெயின்ற்றும் சேர்ந்து வரும். சனிக்கிழமை கொண்டு வந்தா தன்ர ஆக்களைக் கொண்டு எடுத்துத் தாறனெண்டு சொன்னவ."

சனிக்கிழமை மறுபடியும் போக வேண்டும். அதற்குத்தான் சீதை அந்த எழுத்தை விட்டு வைத்திருக்கிறாள் என்று பேர்ணடெற் முடிவு கட்டினாள். புதன்கிழமை முழுவதும் சலூன் ஜன்னலால் கார் தெரிந்தது. வாடிக்கையாளரின் முடியை வெட்டி நிமிரும்போதெல்லாம் அந்தப் பெயரும் தெரிந்தது. கார் எடுத்துவந்த அன்று எமில் சாரதி ஆசனத்தைப் பின்னால் தள்ளியதை நினைத்தாள். அப்படியென்றால் சீதை குட்டையானவள். குட்டையான பெண்களைச் சில ஆண்களுக்கு மிகவும் பிடிக்கும். பேர்ணடெற் எமிலின் உயரம்.

வியாழக்கிழமை எமில் கூட்டாளியின் வான் வண்டியில் பொரளைக்கு வேலைக்குப் போனான். மத்தியானம் சலூனில் ஆறாயி மட்டும் இருந்தாள். ஹட்டன் பக்கத்திலிருந்து வந்து இருபது வருடமாக அந்த ஒழுங்கையில் இருப்பவள். தலைக்கு டை பூசிக்கொண்டு அரை மணித்தியாலம் காத்திருக்க வேண்டியவள். பேர்ணடெற் ஹெயார் ட்ரையரை எடுத்து, நீள வயரில் செருகி, வாசலுக்குக் கொண்டுபோனாள்.

"என்னா புள்ள, காருக்கா தலை காயவைக்கப் போற?" என்று ஆறாயி தலையில் பிளாஸ்டிக் தொப்பியோடு பின்னால் வந்தாள்.

"இந்த எழுத்தைக் கழட்டப் போறன்."

"கத்தியால கீறி எடுத்திரு. ஒரு நிமிச வேலை."

"கத்தி வேண்டாம். நிறம் போயிடும்."

முதலில் சவர்க்காரத் தண்ணீரால் அந்த இடத்து மண்ணைக் கழுவித் துடைத்தாள். பிறகு 'சீ' என்ற எழுத்துக்குச் சூடு காட்டினாள். ஒரே இடத்தில் பிடிக்காமல், தலைமுடிக்குக் காட்டுகிற மாதிரியே கையை அசைத்துக்கொண்டிருந்தாள். இடைக்கிடை உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கை பொறுக்கிற சூடு போதும். ஓரம் இளகியதும் நகத்தால் மெல்லக் கிளப்பினாள். கிளம்பியது. ஆனால் முழுவதும் வரவில்லை. இழுத்தால் கிழிந்துவிடும் போலிருந்தது. உள்ளே போய்ப் புருவம் எடுக்கிற நூலைக் கொண்டுவந்து இரட்டையாக மடித்து, இரண்டு கையிலும் சுற்றி, எழுத்துக்கும் பெயின்ற்றுக்கும் நடுவில் வைத்து வாள் அறுப்பது போல மெல்ல இழுத்தாள். 'சீ' முழுசாகக் கையில் வந்தது.

"ஏ அப்பா! புருவம் மாதிரியே எடுத்திட்டியே" என்றாள் ஆறாயி.

'தை'யும் வந்தது. அதன்பிறகு மோட்டர்ஸ், வெள்ளவத்தை, அடியிலிருந்த தொலைபேசி எண்கள். முக்கால் மணித்தியாலம் போனது. ஆறாயி தானே போய்த் தலையைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஒட்டியிருந்த பசையில் பேர்ணடெற் தேங்காய் எண்ணெய் பூசி ஊறவிட்டு, மெல்லிய துணியால் சுருட்டிச் சுருட்டி எடுத்தாள். கடைசியில் கழுவித் துடைத்துவிட்டு, இரண்டடி பின்னால் வந்து பார்த்தாள்.

சீதை மோட்டர்ஸ், வெள்ளவத்தை என்று அப்போதும் இருந்தது.

பதினொரு வருட வெயிலும் கடற்காற்றும் காரின் சிவப்பை மங்கச் செய்திருந்தன. எழுத்துகள் மூடியிருந்த இடத்தில் மட்டும் சிவப்பு புத்தம் புதிதாக இருந்தது. முன்பு வெள்ளையாக ஒட்டியிருந்த பெயர் இப்போது காரின் தோலிலேயே எழுதியிருந்தது.

"இது போகாது போல இருக்கே" என்றாள் ஆறாயி.

பேர்ணடெற் உள்ளே போனாள். நகப்பூச்சு அழிக்கிற ரிமூவர் போத்தலோடு வந்தாள். அது பெயின்ற்றைத் தின்னும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு தடவை மேசையில் கொட்டி வார்னிஷ் போனது. தெரிந்துகொண்டே பஞ்சை நனைத்தாள்.

"வேணாம் புள்ள, இவ்வளவு பக்குவமா எடுத்துப்புட்டு..."

'சீ'யின் மேல் ஒரே ஒரு தேய். பஞ்சு சிவப்பானது. அந்த இடம் பளபளப்புப் போய், பெருவிரல் அகலத்துக்குப் புகை படிந்தது போல வெளிறியது. பேர்ணடெற் பஞ்சைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். வெளிறியது வெளிறியதுதான்.

எமில் பின்னேரம் வந்ததும் அவளே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டி, நூலால் எடுத்ததைச் சொன்னாள். அவன் ஏசுவான் என்று நினைத்தாள். குனிந்து, எழுத்திருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தான்.

"நூலால எடுத்தனியா? ஒரு கீறலுமில்லை." பிறகு வெளிறிய இடத்தைத் தொட்டான். "இது?"

"ரிமூவர்."

அவன் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"சனிக்கிழமை அங்க கொண்டுபோய்ப் பொலிஷ் பண்ணுவிப்பம்" என்றாள். "நானும் வாறன்."

"அங்க வேண்டாம். இங்க ஆரிட்டையாவது குடுப்பம்."

"செவ்வாய்க்கிழமை அங்கதான் எண்டனீங்கள்?"

"அவ்வளவு தூரம் எதுக்கு?"

நான் வருகிறேன் என்றதும்தான் தூரமாகிவிட்டது என்று நினைத்தாள். அதற்குமேல் அவளை யாரும் நிறுத்தியிருக்க முடியாது.

சனிக்கிழமை காலை கல்யாண வீட்டுக்குப் போவது போலச் சேலை கட்டினாள். கண்ணாடியின் முன்னால் ஒரு மணித்தியாலம் நின்றாள். காலி வீதியில் கடைக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு, "நீ இரு, நான் கேட்டிட்டு வாறன்" என்றான். அவள் அதற்கு முன்பே இறங்கியிருந்தாள்.

சீதை குட்டையாகத்தான் இருந்தாள். இரண்டு கைத்தொலைபேசிகள், தலைக்கு மேல் ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி. முடியைப் பார்த்ததும் பேர்ணடெற்றுக்கு வயிறு எரிந்தது. வேர்வரைக்கும் ஒரே நிறம், ஒரு நரையும் தெரியவில்லை. யாரோ ஒருவரின் நல்ல கை வேலை செய்திருந்தது.

"வாங்க வாங்க. ரெட் கார் தானே? மிஸ்டர்... எமர்சன்?"

"எமில்" என்றான் அவன்.

"ஆ, ஸொரி. அன்னைக்கும் ரெண்டு தரம் மாத்திச் சொன்னேன். வந்த ஆளுங்கள்ல நீங்கதான் முதல்ல காசோட வந்தீங்க, அதுமட்டும் ஞாபகம் இருக்கு."

பேர்ணடெற் கணவனைப் பார்த்தாள். அவன் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய காதுகள் சிவந்திருந்தன.

சீதை வெளியே வந்து காரைக் குனிந்து பார்த்தாள். "இத யாரு எடுத்தது?"

"நான்தான்" என்றாள் பேர்ணடெற். "ஹெயார் ட்ரையரும் புருவம் எடுக்கிற நூலும்."

"அட! எங்காளுங்க பிளேட் வச்சுச் சுரண்டி ரெண்டு காரக் கெடுத்திருக்காங்க. அப்புறம் இது மட்டும் என்னாச்சு?"

"நெய்ல் ரிமூவர் பட்டிட்டுது."

சீதை அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, வேலையாளைச் சிங்களத்தில் கூப்பிட்டுப் பொலிஷ் மெஷினைக் கொண்டுவரச் சொன்னாள். அவன் வேலை செய்யும்வரை உள்ளே உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தார்கள். சீதை தொலைபேசியில் யாருடனோ கதைத்து முடித்ததும் பேர்ணடெற் சொன்னாள்:

"இவர் உங்களோட படிச்சவர்."

எமில் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அப்படியா? எங்க?"

"ரியூஷன் வகுப்பில. இங்கதான், வெள்ளவத்தையில."

"அந்தக் கிளாஸ்ல இருநூறு பேர் இருந்தோமே" என்று சீதை சிரித்தாள். "யாரு மூஞ்சி ஞாபகம் இருக்கு!"

"இவர் கொட்டாஞ்சேனையில இருந்து ரெண்டு பஸ் மாறி வந்தவர். மூண்டு வருஷம், மழை நாளிலயும். ஒருத்தர் அப்பிடி வந்தா ஒருக்காலாவது திரும்பிப் பாக்கிறதுதானே?"

தன் குரல் ஏறுவது அவளுக்கே கேட்டது. இந்தப் பெண்ணுக்கு இவனை ஞாபகமில்லை என்றால் அதற்குச் சந்தோஷப்பட வேண்டியவள் அவள்தான். ஆனால் பதினாறு வருடம் தான் காவல் காத்த ஒன்றை இவள் ஏறெடுத்தும் பார்த்ததில்லை என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

"பேர்ணி, விடு" என்றான் எமில் மெதுவாக.

பொலிஷ் போட்டதில் வெளிறிய இடம் முக்கால்வாசி தெளிந்துவிட்டது. எழுத்துகளும் மங்கிவிட்டன, சரிந்த வெயிலில் குனிந்து தேடினால் மட்டும் தெரியும். சீதை எதுவும் வாங்க மறுத்துவிட்டாள். போகும்போது "போயிட்டு வாங்க, மிஸ்டர் எமில்" என்று பெயரை அழுத்திச் சொன்னாள்.

திரும்பி வரும்போது கொள்ளுப்பிட்டியில் சிவப்பு விளக்கில் நின்றபோது எமில் சொன்னான்:

"பேப்பரில விளம்பரம் பார்த்துத்தான் போனனான். அவ என்னை அடையாளம் பிடிக்கேல்லை."

"அப்ப ஏன் என்னட்டை அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"நீ அந்தப் பேரை வாசிச்சிட்டு நிண்டாய். முகம் மாறிட்டுது. என்னை வச்சு ஒருத்தி எரிச்சல்படுறது எனக்கு நல்லாயிருந்தது."

அவளுக்கு அவன் தலையில் குட்ட வேண்டும் போலிருந்தது. விளக்கு பச்சையானது.

"ஒரு கடிதமாவது குடுத்தனீங்களா?"

"இல்லை."

"கதைச்சதாவது?"

"ஒருக்கா. பேனை கேட்டனான். தந்தவ."

"திருப்பிக் குடுத்தனீங்களா?"

எமில் கண்ணாடியில் பின்னால் வந்த பஸ்ஸைப் பார்த்தான். பஸ் மிகத் தூரத்தில் வந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல், கட்டிலுக்குக் கீழே இருந்த அவனுடைய பழைய தகரப் பெட்டியை இழுத்துத் திறந்தாள். சான்றிதழ்கள், ஒரு பழைய பெல்ட், அடியில் மை காய்ந்த பேனைகள் மூன்று.

"இதில எது?"

"அதில இல்லை. அது அப்பவே துலைஞ்சு போச்சு" என்றான் எமில் கதவடியிலிருந்து.

பேர்ணடெற் அவனை நம்பவில்லை. மூன்றையும் கொண்டுபோய்ச் சலூன் குப்பைக் கூடையில், வெட்டிய முடிக்குள் போட்டுவிட்டு வந்து, தேத்தண்ணீருக்குத் தண்ணீர் வைத்தாள்.