சேர்க்கலாமா என்று கேட்க வந்தவர்

"இது மூணாவது வரதராஜன் வீடுங்க," என்றார் வாசலில் நின்றவர். "மொத வரதராஜனுக்குப் புள்ளையே இல்ல. ரெண்டாவது வீட்ல மக அமெரிக்காவுலயாம். இதுவும் இல்லன்னா இந்த ஊர்ல இன்னும் எத்தனை வரதராஜன்னு கோயில்லதான் போய்க் கேக்கணும்."

வத்ஸலாவுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அவர் கையிலிருந்த நோட்டீஸைப் பிரித்ததும் அடங்கிவிட்டது. அதில் மகள் மேகனாவின் படம் இருந்தது. கல்லூரி அடையாள அட்டைக்கு எடுத்தது. கண் பாதி மூடினாற்போல் விழுந்துவிட்டது என்று அன்றைக்கு அழுதிருக்கிறாள். மேலே, 'இன்டீரியர் டிசைன் பட்டப்படிப்பு, நூற்றுக்கு நூறு வேலைவாய்ப்பு.' கீழே அவள் பெயரும் அப்பா பெயரும் ஊரும்.

மேகனா போய் எட்டு மாதம் ஆகிறது. ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல், ஒன்பதாம் நாள் முடித்துக்கொண்டு போனது. கல்லூரிக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அல்லது சொல்லியும் அச்சுக்குப் போய்விட்டதோ என்னவோ.

"உக்காருங்கோ," என்றாள்.

அவர் பெயர் மருதை. ஜீயபுரத்தில் வாழை போட்டிருக்கிறார். மகள் மலர்க்கொடி ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள்.

"இதான் படிப்பேன்னு மூணு நாளா சாப்புடாம கெடக்குங்க. மச்சான் நர்சிங்ல போடுங்கறான். வீட்டுக்குள்ள அலமாரி எங்க வைக்கிறதுன்னு சொல்ல ஒரு பட்டமான்னு கேக்கறான். நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள ஏதாச்சும் ஒண்ணுல சேத்தாகணும். நீங்க சேக்கலாம்னா சேக்கறேன், வேணாம்னா நர்சிங். பாப்பா இப்ப எங்க வேலைங்க?"

"தில்லை நகர். மாடுலர் கிச்சன் ஷோரூம்."

அது எட்டு மாதத்துக்கு முன்புவரை என்பதை வத்ஸலா விட்டுவிட்டாள். நல்ல காரியத்துக்கு விசாரிக்க வந்த இடத்தில் சாவைச் சொன்னால், மனுஷர் இரண்டு மாடி இறங்குவதற்குள் நர்சிங் முடிவாகிவிடும். முகம் தெரியாத ஒரு பெண்ணின் படிப்பு தன் நாக்கில் வந்து உட்கார்ந்திருப்பதாக இருந்தது.

"நாளைக்குக் காலம்பற பெண்ணையும் அழைச்சிண்டு வாங்கோ. விசாரிச்சுச் சொல்றேன்."

"வீட்லயே பாப்பா இருக்கையில யாருகிட்டங்க விசாரிக்கப் போறீங்க?"

"அவளோட படிச்சவாகிட்ட."

அவர் போனபின் அவளுக்கு உட்கார முடியவில்லை. காய்ந்த துணியை மடித்தாள், பிரித்து மறுபடி மடித்தாள். பால்கனிக்குப் போனாள். அம்மா மண்டபம் ரோட்டில் ஆட்டோக்கள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு போயின. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன? அந்த ஷோரூமில் மேகனா என்ன சுகத்தைக் கண்டாள்? காலை பத்திலிருந்து இரவு எட்டுவரை நின்று, வருகிறவர்களுக்கு இழுப்பறையை இழுத்துக் காட்டிவிட்டு வந்து, கால்களை வெந்நீரில் வைத்துக்கொள்வாள். வேண்டாம் என்றால் பொய்யில்லை. ஆனால் அது மேகனாவின் வாயிலிருந்து வந்த சொல்லும் இல்லை.

மேகனாவின் போனை எடுத்தாள். கணவர் வரதராஜன் தவறாமல் ரீசார்ஜ் செய்துவருகிறார். இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. வாட்ஸப்பில் வகுப்புக் குழு இருந்தது. இருபத்து மூன்று பேர். ஐப்பசிக்குப் பிறகு அதில் ஒரு வரி கிடையாது.

'எல்லாரும் இப்ப என்ன வேலைல இருக்கேள்? உண்மையைச் சொல்லுங்கோ,' என்று தட்டினாள். தான் யார் என்பதை அடுத்த வரியில் சொல்லிக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டாள். அடுத்த வரியைத் தட்டுவதற்குள் போன் அடித்தது.

"யார்ரா நீ?" ஒரு பையனின் குரல். "செத்துப்போன பொண்ணு நம்பர வச்சு விளையாடுறியா? போலீஸ்ல குடுத்துருவேன்."

"நான் அவ அம்மா."

அந்தப் பக்கம் ஏதோ அறுக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"ஆன்ட்டி, மன்னிச்சிருங்க. பிரவீன்ராஜ். அவ பேரப் பாத்ததும் யோசிக்காமக் கூப்ட்டுட்டேன்."

வத்ஸலா விஷயத்தைச் சொன்னாள். அவன் பெருமூச்சு விட்டான்.

"நூத்துக்கு நூறெல்லாம் நோட்டீஸ்ல மட்டும்தான் ஆன்ட்டி. மொத மாசம் எங்கயாச்சும் உக்கார வச்சு, வேலை கெடச்சதா லெட்டர் வாங்கிருவாங்க. ஆறாவது மாசம் எங்க இருக்கோம்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. இப்ப ஒம்பது பேருதான் இந்த வேலைல நெலச்சிருக்கோம். அருள்ராஜ் பேங்க்ல லோன் கலெக்‌ஷன். ரெண்டு பேரு டைல்ஸ் கடை. மிச்சம் கல்யாணம், வீடு. நெலச்ச ஒம்பது பேரும் படிக்கறப்பவே வீடு கட்டுற சைட்டுக்குப் போனவங்க. ஆசாரி திட்டத் திட்ட நின்னவங்க. மேகனாவும்தான்."

"அவ ஷோரூம்லன்னா இருந்தா?"

"அது வீட்டுக்குத் தெரிய இருந்த வேலை. ஞாயித்துக்கிழமை எங்ககூட சைட்ல இருப்பா. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் கூடப் படித்த சுராயா வீடு என்றுதான் சொல்லிவிட்டுப் போவாள். தலையெல்லாம் புழுதியாக வருவாள். வயசுப் பெண்ணுக்கு ஞாயிறு ஒருநாள் எண்ணெய் தேய்த்துக்கொள்ள முடியவில்லையா என்று வத்ஸலா எத்தனை வாரம் கத்தியிருக்கிறாள்.

"சந்தோஷமா இருந்தாளா?"

"சைட்லயா? வாயே மூட மாட்டா ஆன்ட்டி. சுவர் கோணல்னா மேஸ்திரியக் கூப்ட்டு நூல் புடிச்சுக் காட்டிட்டுத்தான் விடுவா. அவருக்கு அவளக் கண்டாலே பயம்."

பிறகு ஒவ்வொருவராகக் குழுவில் எழுதினார்கள். சிலர் ஒரு வரி. சுராயா தனியாகக் கூப்பிட்டாள். "நாங்க வேற க்ரூப் ஆரம்பிச்சுட்டோம் ஆன்ட்டி. இதுலேருந்து அவ நம்பர எடுக்க யாருக்கும் மனசு வரல. அதான் எல்லாரும் எந்திரிச்சு வேற எடத்துக்குப் போயிட்டோம்." சேர நினைக்கும் அந்தப் பெண்ணோடு தானே பேசுகிறேன் என்றும் சொன்னாள்.

மறுநாள் ஒன்பதரைக்கெல்லாம் மருதை மகளோடு வந்துவிட்டார். மலர்க்கொடி ஒல்லியாக, முறைத்தபடி இருந்தாள். உட்காருவதற்கு முன் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். வத்ஸலா தான் விசாரித்து அறிந்ததை எல்லாம் ஒளிக்காமல் சொன்னாள். ஒன்பது பேர், ஆறாவது மாதம், டைல்ஸ் கடை, ஆசாரியின் திட்டு. மருதையின் முகம் நர்சிங் பக்கம் சாய்வது தெரிந்தது.

"அந்த அக்காகிட்ட நான் பேசலாமா?" என்றாள் மலர்க்கொடி. "நோட்டீஸ்ல இருக்கறவங்ககிட்ட."

வத்ஸலா எழுந்தாள். தண்ணீர் கொண்டுவருவது போலச் சமையலறை வரை போனாள். வெறுங்கையோடு திரும்பினாள்.

"அவ இல்லைம்மா. போன ஐப்பசில காய்ச்சல் வந்து போயிட்டா. நேத்திக்கே சொல்லியிருக்கணும். சொன்னா உன்னைச் சேக்க மாட்டாரோன்னு பயந்துட்டேன்."

மருதை தோளிலிருந்த துண்டை எடுத்தார். முகம் துடைக்கவில்லை; வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தார்.

"நேத்தே சொல்லியிருந்தீங்கன்னா இன்னிக்கு வந்திருக்க மாட்டேன்," என்றார். "இப்ப வந்து ஒக்காந்துட்டேனே."

வத்ஸலா சுராயாவைப் போனில் பிடித்து மலர்க்கொடியிடம் கொடுத்தாள். அந்தப் பெண் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பத்தேகால். பத்தரை. மருதை எழுந்து நிற்பதும் உட்காருவதுமாக இருந்தார். "அப்பன்கிட்ட இந்தப் பேச்சு கெடையாது," என்றார். வத்ஸலாவும் நின்றுகொண்டேதான் இருந்தாள்.

"சேர்றேன்ப்பா," என்றபடி மலர்க்கொடி வந்தாள். "சனிக்கெழம சனிக்கெழம சைட்டுக்குப் போவேன். சுராயாக்கா கூட்டிட்டுப் போறாங்க. அதுக்கும் இப்பவே சரின்னு சொல்லிரு."

"ஆம்பள ஆளுங்க வேலை செய்யிற எடத்துக்கா?"

"வாழத்தார் வெட்டுறப்ப நம்ம தோப்புல யாரு நிக்கிறா? கணக்கு எழுத மட்டும் என்னைய அனுப்புவியே."

மருதை வத்ஸலாவைப் பார்த்தார். "ஒங்க பொண்ணும் இப்படித்தான் வாயடிக்குமாங்க?"

"எங்கிட்ட அடிக்கலை. அடிச்சிருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்கும்."

அவர் வண்டிச் சாவியை எடுத்தார். காவேரிப் பாலத்தில் நெரிசல் இருக்கும், கிளம்பு என்று மட்டும் மகளை விரட்டினார்.

பன்னிரண்டு அடித்தது. பன்னிரண்டேகாலும் ஆயிற்று. பருப்பு வைத்த அடுப்பை வத்ஸலா இரண்டு முறை அணைத்து ஏற்றினாள். பன்னிரண்டரைக்கு மருதை போனில் கூப்பிட்டார்.

"சேத்துட்டேங்க. டிசைன்தான்." பின்னால் பஸ் ஹாரன்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒரு விஷயம். பாப்பா தவறிப்போனத என் சம்சாரத்துகிட்ட நான் சொல்லப் போறதில்ல. சொன்னா நாளைக்கே புள்ளைய நிறுத்திருவா, அவ சகுனம் பாக்கறவ. எப்பவாச்சும் போன் பண்ணி, நோட்டீஸ்ல இருந்த பாப்பா எப்படி இருக்குன்னு கேட்டாலும் கேப்பா. தப்பா நெனைக்காதீங்க."

வத்ஸலா அடுப்பை அணைத்தாள்.

"கேக்கட்டும். நன்னா இருக்கான்னு சொல்றேன்," என்றாள்.