கஞ்சனுக்கு அழுதவள்

ஆறாவது வெங்காயத்தையும் நறுக்கத் தொடங்கினாள் ஸெலிண்டா. சமைக்க ஒன்றுமில்லை. யாராவது திடீரென்று உள்ளே நுழைந்தால் கண்ணீருக்கு ஒரு காரணம் வேண்டுமே, அதற்குத்தான்.

நுழைந்தது சிநேகிதி நோர்மா. நேற்று மலையிலிருந்து சைக்கிளில் அந்தச் சேதியைக் கொண்டுவந்தவளும் அவள்தான். ஸெலிண்டாவின் புருஷன் ஒலிந்தோ போய்விட்டான். பாசிஸ்டுகள் சுட்ட குண்டு வயிற்றில். கூட இருந்த போராளிகள் ஒரு செஸ்ட்நட் மரத்தடியில் புதைத்துவிட்டார்கள்.

ஊரைப் பொறுத்தவரை ஒலிந்தோ போன வருஷமே கிரேக்கப் போர்முனையில் செத்தவன். படையை விட்டு ஓடி மலையேறியவனை யாரும் தேடக் கூடாதென்று ஸெலிண்டாவும் நோர்மாவும் கட்டிய கதை அது. கறுப்பு உடுத்தி, கோயிலில் பூசை வைத்து, ஊரே நம்பும்படி மாரிலடித்துக்கொண்டு அழுதாள் ஸெலிண்டா. திரும்பும் வழியில் இருவரும் சோளக்காட்டுக்குள் புகுந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பாவி மகள், எப்படிச் சிரித்தாள்! இப்போது புதிதாக ஓர் அழுகை கேட்டால் கருஞ்சட்டைப் பாசிஸ்டுகள் வீட்டைப் புரட்டிவிடுவார்கள். பரணில் காயம்பட்ட போராளிகள் இரண்டு பேர் படுத்திருக்கிறார்கள்.

"கத்திய கீழ வைடி. மொகத்தக் கழுவிட்டுக் கெளம்பு. எங்க மாமனார இன்னிக்கு எடுக்கறோம்ல."

"அந்தக் கஞ்சனுக்கா நான் வரணும்? கீழ கெடந்த ஒரு பேரிக்காய எடுத்ததுக்குத் தெருத் தெருவா என்னைத் தொரத்தினாரே!"

"அவருக்கேதான். உசுரோட இருந்தவரைக்கும் யாருக்கும் ஒண்ணும் குடுக்கல. செத்தாவது குடுக்கட்டும்." நோர்மா கத்தியைப் பிடுங்கி வைத்தாள். "வந்து அழுடி. வாய்விட்டு அழு. எழவுல யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

பெட்டி குழிக்குள் இறங்கியதும் ஸெலிண்டாவிடமிருந்து கிளம்பிய ஓலத்தில் பாதிரியாரே ஜெபத்தை நிறுத்திவிட்டார். ஒலிந்தோவின் பேரை மட்டும் பல்லைக் கடித்து விழுங்கினாள். மற்றதெல்லாம் வெளியே வந்தது.

"கெழவன் இவளுக்கு என்னத்த எழுதி வெச்சானாம்?" என்றாள் பின்னால் ஒருத்தி.

கல்லறைத் தோட்ட வாசலில் காவலுக்கு நின்ற கருஞ்சட்டைக்காரன் கிட்டே வந்தான். "யாரும்மா அது? மகளா?"

"பக்கத்து வீட்டுப் பொண்ணுங்க. அவரு மேல உசுரையே வெச்சிருந்தா," என்றாள் நோர்மா.

அவன் ஸெலிண்டாவைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டான்.

முதல் பிடி மண் வீட்டாருடையது. கிழவரின் மகன் ஜெர்மனியில் சிறையிலிருந்ததால் மருமகள்தான் போட வேண்டும். நோர்மா குனியவில்லை. கோட்டுப் பையிலிருந்து முடிச்சிட்ட கைக்குட்டையை எடுத்து அவிழ்த்து, அதிலிருந்த மண்ணை ஸெலிண்டாவின் உள்ளங்கையில் கொட்டினாள். ஈரமான கறுப்பு மண். நடுவே செஸ்ட்நட் இலைத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. இந்தச் சமவெளியில் அந்த மரம் கிடையாது.

"போடுடி," என்றாள் மெதுவாக.

ஸெலிண்டா ஒரு சிட்டிகை மட்டும் குழிக்குள் போட்டாள். மிச்சத்தை இறுக மூடிக்கொண்டாள். திரும்பும் வழியில் பெண்கள் ஒவ்வொருவராக வந்து கை கொடுத்தபோது இடது கையையே நீட்டினாள்.