தில்லைநாயகம், உங்கள் உணவு தயார்

இந்த நாட்டில் துரித உணவுக் கடைகளில் ஒரு பெயரைக் கூப்பிட்டால், அந்தப் பெயருக்கு உரியவர் எங்கிருந்தாலும் வந்து தட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கியதை முடிக்காமல் திரும்பிப் போக முடியாது. இது கதவிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது.

எங்கள் சாத்தூரில் இந்தத் தொல்லை கிடையாது. அங்கே பாஸ்ட் புட் என்றால் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே காளிராஜ் நிறுத்தியிருக்கும் தள்ளுவண்டி. சட்டியைக் கரண்டியால் தட்டிக்கொண்டே, "நீலச் சட்டை, உங்களுது ரெடி" என்பார். நீலச் சட்டை போய் வாங்கிக்கொள்ளும். சாப்பாட்டுக்கும் பெயருக்கும் என்ன சம்பந்தம் என்று நான் இன்றைக்கும் கேட்பேன்.

இங்கே வேலைக்கு வந்த புதிதில், அலுவலகத்துக்குக் கீழே இருந்த கடைக்கு மத்தியானம் சாப்பிடப் போனேன். ஆர்டர் எடுக்கும் திரை என் பெயரைக் கேட்டது. மங்கையர்க்கரசி என்று அடித்தேன். போதாது, குடும்பப் பெயரும் வேண்டும் என்றது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? எல்லோரும் செய்வதுபோல நானும் அப்பாவின் பெயரை அடித்தேன். திரை கொஞ்சம் யோசித்தது. மங்கையர்க்கரசி நீளம் அதிகம் என்று அதை அழித்துவிட்டுத் தில்லைநாயகத்தை மட்டும் வைத்துக்கொண்டது. ஒருமுறை பதிந்த பெயரை மாற்ற முடியாதாம்.

"தில்லைநாயகம், உங்கள் உணவு தயார்" என்று கவுண்டரில் நின்ற பெண் கூப்பிட்டாள். கை கழுவும் இடத்திலிருந்து அப்பா வந்தார். பனியனும் வேட்டியுமாக இருந்தார், தோளில் துண்டு. சாத்தூரில் அது சாயங்காலக் காப்பி நேரம் என்பதால் கையில் டம்ளரும் இருந்தது. தட்டை வாங்கிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார். ரொட்டியைப் பிய்த்துப் பாதியை எனக்குக் கொடுத்தார்.

"தக்காளி சாஸுக்குத் தனிக் காசாமே?" என்றார்.

"ஆமாப்பா. இங்க அப்படித்தான்."

"நம்ம காளிராஜ் வேண்டாம் வேண்டாம்னாலும் ஊத்துவான்" என்றார். கடைசி உருளைக்கிழங்குத் துண்டை வாயில் போட்டதும் நாற்காலி காலியாகிவிட்டது. அன்று அம்மா போனில், காப்பி ஆறிவிட்டதால் மறுபடி சூடு பண்ணிக் கொடுத்ததாகச் சொன்னாள்.

அதன் பிறகு தினமும் அங்கேதான் சாப்பிட்டேன். அந்த ரொட்டி எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாவைப் பிடித்திருந்தது. இந்த ஊரில் என்னோடு உட்கார்ந்து சாப்பிட வேறு யாரும் இல்லை. ஒருநாள் அவர் மொபெட்டில் வைப்பாற்றுப் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தபோது என் உணவு தயாராகிவிட்டது. அவர் இங்கே வந்துவிட்டார். வண்டி மட்டும் பாலத்தைத் தாண்டி, திருப்பத்தில் திரும்பி, வீட்டு வாசலில் போய் நின்றதாம். அம்மா அதற்கு ஸ்டாண்டு போட்டு வைத்தாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. குளிர்பானத்தை இங்கே எத்தனை முறை வேண்டுமானாலும் நாமே பிடித்துக்கொள்ளலாம் என்பதை அப்பா கண்டுபிடிக்கும்வரை.

"இன்னொரு தடவைக்கும் காசு இல்லையா?"

"இல்லப்பா. ஒரு தடவை கப்பு வாங்கினாப் போதும்."

அப்பா எழுந்து போய்ப் பிடித்துக்கொண்டு வந்தார். குடித்தார். கப்பின் அடி தெரிவதற்குள் மறுபடி எழுந்தார். தட்டில் எதுவும் மிச்சமில்லை. ஆனால் கப்பு காலியாகவில்லை. அதனால் அவர் ஊருக்குத் திரும்பவில்லை.

"காசு குடுத்தாச்சுல்ல, விட்டுட்டா போறது?" என்றார்.

மறுநாளும் அங்கேயே இருந்தார். அந்தக் கடையின் பின்பக்க மூலையில் அப்படிப் பலர் இருந்தார்கள். தோளில் மீன்வலை போட்ட ஒருவர், முகத்தில் பாதி சவரம் செய்த ஒருவர், இரவு உடுப்பில் ஒரு வயதான பெண்மணி. எல்லோர் கையிலும் கப்பு இருந்தது. மீன்வலையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஊழியர்கள் அதைத் துடைத்துவிட்டுப் போனார்கள்.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து அந்தப் பக்கமாக வந்தேன். கடையை மூடிக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகளைத் தலைகீழாக மேசைமேல் ஏற்றும்போது, அவற்றில் உட்கார்ந்திருந்தவர்களையும் அப்படியே ஏற்றிவைத்தார்கள். அப்பா தலைகீழாக இருந்தபடி என்னைப் பார்த்துக் கையசைத்தார். கப்பிலிருந்து ஒரு சொட்டும் சிந்தவில்லை. முதுகுவலிக்கு அது நல்லதாக இருக்கிறது என்று மறுநாள் சொன்னார். அவர் கை தொட்டால் சில்லென்று இருந்தது. பல்லும் நாக்கும் அந்தப் பானத்தின் நிறத்துக்கு வந்திருந்தன. கண் சிமிட்டுவது குறைந்துவிட்டது. எனக்குப் பயமாக இருந்தது.

ஒருமுறை அந்தக் கப்பைப் பிடுங்கி நானே குடித்துப் பார்த்தேன். வந்தவரே முடிக்க வேண்டும் என்று கவுண்டர் பெண் நினைவூட்டினாள். அப்பா சிரித்தபடி எழுந்துபோய் மறுபடி நிரப்பிக்கொண்டார்.

"உங்க அப்பாவுக்கு ஓசின்னா பினாயிலும் இனிக்கும்" என்று அம்மா போனில் திட்டினாள். பிறகு குரல் இறங்கியது. "ரெண்டு தட்டு எடுத்து வைக்கிறேன் மங்கை. ஒண்ணைச் சாப்பிடாமலே கழுவி வைக்கிறேன். எனக்கு அவரு வேணும். எப்படியாச்சும் அனுப்பி வையி."

எனக்கு ஒரு வழி தோன்றியது. இங்கிருந்து அனுப்ப முடியாவிட்டால் என்ன, அங்கிருந்து கூப்பிடலாமே. காளிராஜும் பாஸ்ட் புட் கடைதானே வைத்திருக்கிறார். அம்மா போய் ஒரு பிரைடு ரைஸ் சொல்லி, அப்பாவைக் கூப்பிடச் சொன்னால் போதும்.

மறுநாள் மத்தியானம் அப்பாவின் எதிரே உட்கார்ந்து என் பாகத்தைச் சீக்கிரமே சாப்பிட்டு முடித்தேன். போனை மேசையில் நிறுத்தினேன். திரையில் தள்ளுவண்டியும் அதன் முன்னால் அம்மாவும் தெரிந்தார்கள். சட்டியில் தீ எழுந்து அடங்கியது.

"யாருக்குக்கா? என்ன கலர் சட்டை?" என்றார் காளிராஜ்.

"சட்டை போடலை. பனியனோட போயிட்டாரு. பேரைச் சொல்லித்தான் கூப்பிடணுமாம்."

"சரி, பேரைச் சொல்லுங்க."

அம்மா திரையில் என்னைப் பார்த்தாள். இதை நான் யோசித்திருக்க வேண்டும். கழுத்தில் தாலி ஏறிய நாளிலிருந்து அம்மா அப்பாவின் பெயரைச் சொன்னதில்லை. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்பது அவள் கணக்கு. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வாள்.

"நான் சொல்றேன்மா, போனைக் காளிராஜ் அண்ணன்கிட்ட குடு" என்றேன்.

"காசு குடுக்கிறவங்க சொன்னாத்தான்மா நான் கூப்பிட முடியும்" என்றார் காளிராஜ். பாவம், தொழில் தர்மம்.

"அம்மா, ஒரே ஒரு தடவை. ஊர் உலகத்துல எல்லாரும் சொல்றாங்க."

"மாட்டேன்டி. அவரு நல்லா இருக்கணும்னுதானே கூப்பிடுறேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சாதம் சட்டியில் பிடிக்க ஆரம்பித்திருந்தது. காளிராஜ் கரண்டியைத் தட்டி அவசரப்படுத்தினார். அம்மா வழக்கமாக எப்படிச் சொல்வாளோ அப்படியே சொன்னாள்.

"மங்கை அப்பா."

காளிராஜ் கழுத்து நரம்பு புடைக்கக் கூப்பிட்டார். "மங்கை அப்பா! பிரைடு ரைஸ் ரெடி!"

அப்பா பாதி எழுந்தார். கப்பைப் பார்த்தார். நிறைந்திருந்தது. திரும்ப உட்கார்ந்துவிட்டார். கூப்பிட்டுவிட்டால் யாராவது போய்த்தான் ஆகவேண்டும். மங்கை, அப்பா என்று அந்தப் பெயரில் இருந்த இரண்டு பேரில் சாப்பிட்டு முடித்திருந்தது நான் மட்டும்தான்.

தள்ளுவண்டியின் சூடு முகத்தில் அடித்தது. காளிராஜ் பொட்டலத்தை நீட்டினார், வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்வதற்குள் சாஸ் ஊற்றிவிட்டிருந்தார். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இளைச்சுப் போயிட்டீங்க" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு நடந்தோம். அம்மா எனக்கு நாலு அடி பின்னால் வந்தாள். எதிரே வந்த தபால்காரர் எனக்கு வணக்கம் வைத்து, மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பரவாயில்லை என்றேன். உண்மையில் இடது முழங்கால் கொஞ்சம் வலித்தது.

மேசையில் விட்டுவந்த என் போனுக்கு, அம்மாவின் போனிலிருந்து அப்பாவை அழைத்தேன். நாற்காலியில் நான் கழற்றிப் போட்டிருந்த கோட்டைப் போட்டுக்கொண்டு, கப்போடு மாடிக்குப் போய் என் மேசையில் உட்கார்ந்துவிட்டாராம்.

"அங்க யாரும் ஒண்ணும் கேக்கலையாப்பா?"

"என்ன கேக்கப் போறாங்க? வந்ததுலருந்து எல்லாரும் தில்லைநாயகம், தில்லைநாயகம்னுதான் கூப்பிடுறாங்க. நல்ல மனுஷங்க" என்றார். பின்னால் யாரோ அவரைக் கூப்பிடும் குரல் கேட்டது. வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டார். இதுவும் ஒரு வழிதான் என்று இருந்தது எனக்கு. அழுகையும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அம்மா அடுக்களையில் இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். பொட்டலத்தைப் பிரித்து ஒன்றில் கொட்டினாள். பிரஷர் மாத்திரையை உரித்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகம் தெளிந்திருந்தது.

"ஏங்க" என்று கூப்பிட்டாள்.

"இந்தா வர்றேன்" என்றேன்.