அறுபது சென்டிமீட்டர் கப்பல்

சாப்பிட்டு முடித்ததும் கணவர் தன் தட்டைத் தானே கழுவி வைத்தார். அப்போதே பல்லக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"என்ன தப்பு பண்ணிட்டு வந்தீங்க?"

"தப்பெல்லாம் ஒண்ணுமில்ல. ஒரு கப்பல்தான்."

தெருவில் எல்லாருக்கும் அவள் பல்லக்கா. பல் வைத்தியர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய்களுக்குப் பல் கட்டிக் கொடுப்பது தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. கணவர் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளர். வாரம் முழுக்க நிஜ வண்டிகள் எத்தனை நிமிடம் தாமதம் என்று எழுதி அலுத்துப்போய், விடுமுறை நாளில் பொம்மை ரயிலை நேரத்துக்கு ஓட்டிப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்கிறவர். அதற்கென்று மருந்துக்கடை மாடியில் ஒரு ரயில் சங்கம் இருந்தது. எட்டு மீட்டர் நீள மேடை, அதில் மூன்று நிலையம், ஒரு மலை, ஒரு சுரங்கம். பொம்மை என்று யாராவது சொன்னால் சங்கத்தாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எண்பத்தேழில் ஒரு பங்கு என்று கணக்குப் பிசகாமல் சிறிதாக்கிய ரயில் அது.

தண்டவாளம் கிழக்கு மூலையில் ஒரு வெறும் பலகையில் போய் முட்டி நின்றது. போன கண்காட்சியில் பார்க்க வந்தவர்கள் எல்லாரும், 'இந்த ரயில் கடைசியா எங்கதான் போகுது?' என்று கேட்டு மானத்தை வாங்கிவிட்டார்கள். அதனால் சங்கத் தலைவரான மருந்துக்கடைக்காரர் அங்கே ஒரு துறைமுகம் அமைத்தார். நீலச் சாயம் பூசி, மேலே தெளிந்த வார்னிஷை ஊற்றிக் கடலும் வந்துவிட்டது. கப்பல்தான் இல்லை. அடுத்த கண்காட்சிக்கு மூன்றே மாதம். யார் கட்டுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, பல்லக்காவின் கணவர் வாயை விட்டுவிட்டார்.

"ஒரு பல்லுல இருக்கிற மேடு பள்ளத்தையே கண்டுபிடிக்கிறவ, கப்பலா பெரிய விஷயம்னு சொல்லிட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா மாட்டேன்னு சொல்லிடுவியே."

பல்லக்கா அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் மறுநாள் காலையில் காபியைக் கொண்டுவந்து வைத்தபோது, "எவ்வளவு இடம் விட்டிருக்கீங்க?" என்று கேட்டாள். கணவர் சிரிப்பைக் காபியில் மறைத்துக்கொண்டு, "அறுபது சென்டிமீட்டர்" என்றார்.

அவள் கணக்குப் போட்டாள். அறுபது சென்டிமீட்டரை எண்பத்தேழால் பெருக்கினால் ஐம்பத்திரண்டு மீட்டர். வழக்கமான நூறு மீட்டர் சரக்குக் கப்பலைக் கட்டினால் அதில் பாதி மேடைக்கு வெளியே நீண்டு, பார்க்க வருகிறவர்களின் வயிற்றில் இடிக்கும். மருந்துக்கடைக்காரர் ஒரு யோசனை சொல்லி அனுப்பினார்: பெரிய கப்பலாகவே கட்டலாம், முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் வைத்துக்கொண்டு நடுவில் மட்டும் கொஞ்சம் குறைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

"நடுப்பல் நாலையும் பிடுங்கிட்டு ஓரப்பல்ல இழுத்து ஒட்டினா அது வாயான்னு கேளுங்க" என்று பதில் போனது.

நூலகத்தில் மூன்று நாள் தேடி, கரையோரமாகவே ஊர் ஊராகப் போகும் ஒரு சின்னச் சரக்குக் கப்பலை அவள் கண்டுபிடித்தாள். ஐம்பத்திரண்டு மீட்டருக்கு ஒரு சாண் கூடவும் இல்லை, குறைவும் இல்லை. சரக்கு இறக்க இரண்டு பெரிய கிடங்குகள், பின்பக்கம் அடுக்கடுக்காக அறைகள், நடுவில் ஒரு கொடிமரம். படமும் இருந்தது, வரைபடமும் இருந்தது.

சாப்பாட்டு மேசை கப்பல் கட்டும் தளமாயிற்று. கணவரும் அவளும் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டார்கள். மெல்லிய பலகையில் விலா எலும்புகள் போல் இருபத்திரண்டு சட்டங்கள் அறுத்து நிறுத்தி, அவற்றின் மேல் பிளாஸ்டிக் தகட்டைப் பட்டை பட்டையாக ஒட்டினாள். வார்னிஷ் கடலின் மேல் அப்படியே உட்கார வேண்டும் என்பதால், படத்தில் தண்ணீருக்கு மேல் தெரிந்ததை மட்டும் கட்டினாள். உயிர்காக்கும் படகு இரண்டையும் மெழுகில் செதுக்கி, பொய் ஈறு செய்யும் மாவில் வார்த்தாள். இளஞ்சிவப்பாக வந்த அவற்றைப் பார்த்துக் கணவர், "கப்பலுக்கு ஈறு வீங்கியிருக்கு" என்றார். ஆரஞ்சுச் சாயம் அடித்ததும் சரியாயிற்று. பல்லைப் பிடித்து நிறுத்தும் கம்பி கைப்பிடி வேலியாயிற்று. பல்லிடுக்கு நூல் கயிறாயிற்று. ஒரு வைத்தியர் தொலைபேசியில் அழைத்து, "என் நோயாளியோட கடவாய்ப்பல் என்னாச்சு?" என்று கேட்டதற்கு, "நங்கூரம் முடிஞ்சதும் அனுப்பறேன்" என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆறாவது வாரம் நாத்தனார் வந்தாள்.

கணவரின் தங்கை அவள். நிஜத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். இருபது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து இருபத்துநாலு வருடமாகச் சரக்கு தூக்குகிறாள். அண்ணியும் நாத்தனாரும் பேசி இரண்டு வருடமாகிறது. காரணம் ஒரு பல். நாத்தனாரின் முன்பல் உடைந்தபோது, கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு பல்லைப் பல்லக்காதான் செய்து கொடுத்தாள். மாட்டிப் பார்த்த நாத்தனார், 'இது நீளமா இருக்கு' என்றாள். 'பல்லு சரியாத்தான் இருக்கு, உன் வாய்தான் நீளம்' என்று பல்லக்கா சொல்லிவிட்டாள். அதோடு சரி. நடுவில் மாட்டிய கணவர், இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளமாக இருந்தார்.

அண்ணனிடம் இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்க அன்று வந்தவள், மேசை மேல் இருந்த கப்பலைப் பார்த்து நின்றுவிட்டாள். சுற்றி வந்தாள். குனிந்து பார்த்தாள். பல்லக்கா தலை நிமிராமல் வேலி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, இந்தக் கப்பல் சரக்கு ஏத்த வந்திருக்கா, இறக்க வந்திருக்கா?"

"ஏத்தத்தான். ரயில்ல மூட்டை வரும், இதுல ஏறும்."

"அப்போ உள்ள ஒண்ணும் இல்லாமலே ஏன் இப்படி முழுகிக் கிடக்கு? வயித்த நிரப்பின கப்பல்தான் இவ்வளவு தாழ உக்காரும். காலிக் கப்பல் உசரமா மிதக்கும். அடியில சிவப்பு வயிறு தெரியணும்."

கணவர் மனைவியைப் பார்த்தார். மனைவி பசைக் குப்பியைப் பார்த்தபடியே, "படத்துல இப்படித்தான் இருக்குன்னு உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க" என்றாள்.

"படம் எடுத்தப்போ சரக்கு ஏத்தியிருப்பாங்கன்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு."

"ரெண்டு பேரும் சொல்றது ரெண்டு பேருக்கும் நல்லாவே கேக்குது" என்றார் கணவர். யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. நாத்தனார் ஏணியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் தலை மறைந்ததும் பல்லக்கா பூதக்கண்ணாடியை எடுத்தாள். புத்தகத்துப் படத்தில் கப்பலின் மூக்கருகே ஆழம் காட்டும் எண்கள் வரிசையாக எழுதியிருந்தன. அவற்றில் பாதிக்கு மேல் தண்ணீருக்குள் இருந்தன. புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே போனாள். நாலு பக்கம் தள்ளி அதே கப்பல் காலியாக நின்றது. எண்கள் எல்லாம் வெளியே, சிவப்பு வயிறும் வெளியே. இவள் கட்டியிருந்த கப்பலுக்கு அந்த வயிறே இல்லை. நீர்மட்டத்தோடு வெட்டித் தட்டையாக்கி வைத்திருந்தாள்.

மேடைக்கு வருகிறவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட இது தெரியாது. ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டதே. பிழை என்று தெரிந்த பல்லை அவள் ஒரு நாளும் பெட்டியில் வைத்து அனுப்பியதில்லை. அப்படி நினைத்தபோதே நாத்தனாரின் முன்பல் நினைவுக்கு வந்தது.

நாலு நாள் வேலை. அடியில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குப் புதிதாக வயிறு கட்டி, சிவப்பு அடித்தாள். கப்பல் சட்டென்று உயிர் வந்தது போல நிமிர்ந்து நின்றது. ஐந்தாம் நாள் அவளே நாத்தனாருக்குத் தொலைபேசி போட்டாள்.

"நான்தான். நீ சொன்னது சரிதான்."

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் கேட்டது. கூண்டில் இருக்கிறாள் போலிருக்கிறது.

"எது சரி, அண்ணி? கப்பலா, பல்லா?"

"கப்பல். பல்லப் பாத்தாத்தான் சொல்ல முடியும். வா."

அடுத்த விடுமுறை நாள் காலையில் நாத்தனார் வந்து பட்டறை நாற்காலியில் உட்கார்ந்தாள். பல்லக்கா விளக்கை இழுத்து வைத்து, "சிரி" என்றாள். நாத்தனார் சிரிக்கவில்லை, உதட்டை மட்டும் தூக்கிக் காட்டினாள். பல்லக்கா இப்படிப் பார்த்தாள், அப்படிப் பார்த்தாள், அளவுகோலை வைத்தும் பார்த்தாள்.

"அரை மில்லிமீட்டர்" என்றாள் கடைசியில்.

"கூடவா, குறைச்சலா?"

"கூட."

"ரெண்டு வருஷமா கீழுதட்டுல இடிச்சுக்கிட்டே இருக்கு, அண்ணி."

"அன்னைக்கே வாயைத் திறக்கச் சொல்லிப் பாத்திருக்கணும். அதை விட்டுட்டு என் வாயைத் திறந்தேன். கழட்டிக் குடு."

மோட்டாரில் வைத்துத் தேய்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்த நாத்தனார், பல் மொத்தமும் தெரியச் சிரித்தாள். பக்கத்து அறையில் செய்தித்தாளுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த கணவர், அப்பாடா என்று அதை மடித்து வைத்தார்.

அன்றிலிருந்து கப்பலுக்கு இரண்டு முதலாளிகள். துறைமுக மேடையில் சங்கத்தார் வைத்திருந்த கிரேனைப் பார்த்து நாத்தனார், "இது கிரேனா, கொக்கா? எப்பவும் ஒத்தக் கால்ல நிக்குது" என்றாள். பிரித்துப் போட்டு, கெட்டுப்போன ரயில் இன்ஜின்களிலிருந்து மூன்று குட்டி மோட்டார்களை எடுத்துப் பொருத்தினாள். ஒன்று தூக்க, ஒன்று திருப்ப, ஒன்று நீட்ட. பல்லக்கா பல் கம்பியில் கொக்கி வளைத்துக் கொடுத்தாள். பல் அச்சு வார்க்கும் பிளாஸ்டரில் அரிசி அளவு மூட்டைகளாக நூற்றிருபது செய்தாள்.

கண்காட்சி நகரத்துப் பொதுக்கூடத்தில் நடந்தது. பார்வையாளர்கள் கயிற்றுக்கு வெளியே ஒரு பக்கம். அவர்கள் கண்முன்னே கடல், கடலில் கப்பல், அதற்கு அந்தப் பக்கம் கரை. கரைக்குப் பின்னால் நாத்தனார் நெம்புகோல்களோடு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். பல்லக்கா பார்வையாளர் பக்கம் நின்று, வருகிறவர்களுக்குக் கப்பலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். ரயிலை ஓட்டியவர் அவள் கணவர்.

பத்தரை மணிக்கு மூட்டை வண்டிகள் கரைக்கு வந்தன. கணவர் அவற்றைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு வந்தார். கரை விளிம்பில் வண்டியைத் தடுத்து நிறுத்த ஒரு கட்டை உண்டு. மேடையைக் கூடத்துக்குக் கொண்டுவரும் வழியில் அது கழன்று விழுந்துவிட்டதால், மருந்துக்கடைக்காரர் காலையில்தான் ஒட்டியிருந்தார். பசை காயவில்லை. கடைசி வண்டி மெதுவாக அதில் முட்டியது. கட்டை நகர்ந்தது. வண்டியும் கட்டையும் சேர்ந்து, கரைக்கும் கப்பலுக்கும் நடுவே தலைகீழாக இறங்கிவிட்டன.

கூட்டம் "அச்சச்சோ" என்றது. கணவர் சட்டென்று ரயிலை நிறுத்தினார். மருந்துக்கடைக்காரர் கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"கைய உள்ள விடாதீங்க" என்று பல்லக்கா தடுத்தாள். "வேலியெல்லாம் போயிடும். ஒரு மாச வேலை."

"பின்ன எப்படி எடுக்கறது?"

"துறைமுகத்துல எப்படி எடுப்பாங்களோ அப்படி" என்றாள் நாத்தனார், முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "அண்ணி, எனக்கு அடியில தெரியல. நீங்கதான் என் கண்ணு. விரலை மேல காட்டிச் சுத்தினா தூக்குவேன். கீழ காட்டினா இறக்குவேன். எந்தப் பக்கம் கை நீட்டறீங்களோ அந்தப் பக்கம் திருப்புவேன். கையை மூடினா நிறுத்திடுவேன். வாயால சொல்லாதீங்க, கிரேன்ல இருக்கிறவளுக்குக் காது கேக்காது."

இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்துகொண்டுதான் அப்படிச் சொன்னாள். பல்லக்காவும் மறுபேச்சுப் பேசாமல் கப்பலின் மூக்கருகே போய், இடுக்கில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு கையைத் தூக்கினாள்.

கொக்கி இறங்கியது. கொஞ்சம் இடது. இன்னும் கொஞ்சம். கீழே, கீழே. கொக்கி வண்டியைத் தொடாமல் கப்பல் வேலியில் போய் மாட்டப் பார்த்தது. பல்லக்கா வெடுக்கென்று கையை மூடினாள். கொக்கி அந்தரத்தில் நின்றது. மறுபடி மேலே, மயிரிழை வலது, மறுபடி கீழே. இந்தத் தடவை வண்டியின் பின்பக்க இணைப்பில் கொக்கி சிக்கியது. பல்லக்கா விரலை மேலே காட்டி மெதுவாகச் சுற்றினாள்.

பல்லிடுக்கு நூல் விறைத்தது. வண்டி ஒரு சுற்றுச் சுற்றி, மேலே வந்து, கப்பலையும் உரசாமல் கரையையும் உரசாமல் ஆடாமல் அசையாமல் திரும்பிப் போய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்தது. கைதட்டல் கூடத்தை நிறைத்தது. நாத்தனார் அதைக் காதில் வாங்காமல் அண்ணியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லக்கா கையை மூடினாள். அப்புறம்தான் நாத்தனார் நெம்புகோலை விட்டாள்.

"புது ஆளுக்குப் பரவாயில்ல, அண்ணி. நாளைக்கே வேலைக்கு வரலாம்."

"கூண்டுல ஏறச் சொல்லாத வரைக்கும் வரேன்" என்றாள் பல்லக்கா.

மருந்துக்கடைக்காரர் தடுப்புக் கட்டையை எடுத்துத் துடைத்து, பசைக் குப்பியைத் திறந்தார். அப்போது கயிற்றோரம் நின்ற ஒரு பெண்மணி கேட்டார்: "அடுத்தது எத்தனை மணிக்கு விழும்?"

"அது விபத்துங்க."

"தெரியுது. எத்தனை மணிக்குன்னு சொன்னீங்கன்னா எங்க வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டு வருவேன்."

மருந்துக்கடைக்காரர் கூட்டத்தைப் பார்த்தார். மற்ற மேடைகளின் முன்னால் இருந்தவர்களும் இங்கேதான் வந்துகொண்டிருந்தார்கள். பசைக் குப்பியை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று மாலைக்குள் அந்த வண்டி ஏழு தடவை கடலில் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் கணவர் கடிகாரத்தைப் பார்த்து, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, ஒரு நிமிடமும் பிசகாமல் தள்ளிவிட்டார்.